பெட்ரோல் கணக்கு

ஓய்வுபெறும் வாரத்தில் அலமாரியைத் திறந்தேன்.
இருபத்தாறு வருடத்துக் கேள்வித்தாள்கள்.
மேலே ஒரு செத்த குளவி.

‘கடந்த இரண்டு வாரங்களில்
எத்தனை நாள் தூக்கமின்றித் தவித்தீர்கள்?
சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று.’
இதைத்தான் கேட்டுக்கொண்டே போனேன்
ஸ்கால்ட்டுபோவின் பழைய சானடோரியங்களில்,
சுகுமியிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களிடம்.
ஒரு காலத்தில் தளபதிகள்
முட்டிவலிக்கு வெந்நீரில் ஊறிக் கிடந்த கட்டடம்.
பளிங்குத் தூண்களுக்கிடையே கொடி கட்டி
குழந்தைத் துணி காய்ந்தது.
ஜன்னல் கண்ணாடியை வெட்டி
அடுப்புக் குழாய் வெளியே புகைவிட்டது.

அறை 214. லமாரா ஷோனியா.
“இரண்டு வாரமா?” என்றாள்.
“ஏன், அதற்கு முன்னால் நடந்ததெல்லாம்
காலாவதியாகிவிட்டதா?”
பேனாவை மூடினேன். அவள்
வால்நட்டை உள்ளங்கையில் உடைத்து
பருப்பை என் பக்கம் தள்ளினாள்.
இருட்டும்வரை அவள் பேசியது
எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.
‘இரண்டு’ என்று எழுதிக்கொண்டேன்.
முனைவர் பட்டம் கிடைத்தது.

இரண்டாயிரத்தெட்டில் இன்னொரு போர்.
இந்த முறை நிவாரண ஊழியர்களிடம் போனேன்.
பகலெல்லாம் கம்பளி கொடுத்த பெண்
இரவில் போர்த்தாமல் படுத்தாள்.
கேட்டால், புழுக்கம் என்றாள்.
அது டிசம்பர்.
பட்டியலில் பெயர்களை அடித்தும் சேர்த்தும் வந்தவன்
மகளின் பிறந்தநாளுக்கு யாரை அழைப்பது என்று
ஒரு பெயர்கூட எழுத முடியாமல்
விடியும்வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.
“அவர்கள் பட்டதற்கு முன்னால்
எனக்கெல்லாம் என்ன?”
நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஏறக்குறைய ஒரே வாக்கியம்.
அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன்.
ஜெனீவாவில் கைதட்டினார்கள்.
கடைசி வரி வழக்கம்போல:
மேலும் ஆய்வு தேவை.

இத்தனைக்கும் என்னை ஓட்டிச் சென்றவர் வர்லாம்.
பச்சை நீவா கார், கதவொன்று வேறு பச்சை.
உள்ளே நான் கேட்டுக்கொண்டிருக்க
வாசலில் அவர், எஞ்சினை அணைக்காமல்
மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம்.
திபிலிசியிலிருந்து கணக்குப் பிரிவு கடிதம் போட்டது:
பெட்ரோல் செலவு அதிகம், விளக்கம் தருக.
‘மலைப்பாதை’ என்று பதில் எழுதினேன்.
நாங்கள் போனதெல்லாம் சமவெளி.

பதினோராம் வருடம் ஒரு தாள் மிஞ்சியது.
விளையாட்டாக நீட்டினேன்.
ஸ்டியரிங்கின் மேல் வைத்து நிரப்பினார்,
எல்லாக் கேள்விக்கும் சுழி.
பொறுமையான, அழகான வட்டங்கள்.
சுழி வெறும் எண்ணல்ல,
ஆற்றில் இறங்கியவர்களுக்குத் தெரியும்.

“அணைக்கலாமே?” என்று சாவியைக் காட்டினேன்.
மழையில்லாத கண்ணாடியை
வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது.
“தொண்ணூற்று மூன்று. கணவாய். பனி.
பின்சீட்டில் நான்கு பேர்.
பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அணைத்தேன்.”
அவ்வளவுதான்.
கியரைப் போட்டார்.

அவரை எதில் சேர்ப்பது?
மச்சினன் வீட்டில் தங்கியவர்,
ஆகவே அகதிகள் மாதிரியில் இல்லை.
தினக்கூலி,
ஆகவே ஊழியர் மாதிரியிலும் இல்லை.
விதிகளை வகுத்தவள் நான்,
பக்கம் நாற்பத்தொன்றில் என் கையெழுத்து.
அந்தத் தாளுக்கு எண் போடவில்லை.

இதோ, குளவிக்கு அடியில் இருக்கிறது.
பின்பக்கம் அவர் கையெழுத்தில் அன்றைய கணக்கு:
பதினெட்டு லிட்டர்.
‘ஒப்புதல்’ என்ற இடம் காலி.

பெட்டிகளை ஏற்ற டாக்ஸி வந்திருக்கிறது.
கீழே ஓட்டுநர் எஞ்சினை அணைக்கிறார்.
நான் தாளைப் போட்டுவிட்டு
ஜன்னலுக்கு ஓடுகிறேன்.